கம்பைலரின் இயல்புநிலை டிபக் வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் மென்பொருள் வேலை பார்க்கும் தமிழர்களில் கம்பைலர் (மூலநிரலை இயந்திரக் குறிமுறையாக்கும் நிரல்) எழுதுகிறவர்கள் குறைவு. ஆனால் கம்பைலரைத் தயார்செய்து மற்றவர்கள் கையில் கொடுக்கும் பொறுப்பு நிறையப் பேருக்கு வந்து சேர்கிறது. உட்லண்ட்சில் தொழிற்சாலைக் கருவிக்கு நிரல் எழுதும் குழுவாக இருக்கலாம், ஒன்-நார்த்தில் ஐந்தாறு பேர் நடத்தும் நிறுவனமாக இருக்கலாம், பலதுறைத் தொழிற்கல்லூரியின் இறுதியாண்டுத் திட்டமாகவும் இருக்கலாம். எல்லா இடத்திலும் யாரோ ஒருவரிடம் "டூல்செயினை நீங்க பாத்துக்கோங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். டூல்செயின் என்றால் கம்பைலரும் அதோடு சேர்ந்த கருவிகளும். இதை அவருக்காக எழுதுகிறேன்.

இயந்திரக் குறிமுறைக்கும் மூலநிரலுக்கும் உள்ள தொடர்பை, பிழை தேடும் கருவிகள் படிப்பதற்காகக் கம்பைலர் எழுதிவைப்பதே டிபக் தகவல்; அதை எழுதும் முறையே டிபக் வடிவம். இந்த வடிவத்தை யாரும் யோசித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. ‘-ஜி’ என்று ஓர் ஆப்ஷனைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அந்த ஓரெழுத்துக்கு என்ன பொருள் என்பதை அவர்களுக்காக முடிவு செய்வது நீங்கள் வைக்கும் இயல்புநிலைதான். அதனால் இந்தக் கம்பைலர் எதையெல்லாம் எழுத வல்லது என்ற கேள்வியிலிருந்து தொடங்காதீர்கள். நிரல் விழுந்த இடத்தில் இந்தத் தகவலை எது படிக்கப்போகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் அமைந்திருக்கின்றன.

ஆப்ஷன் பெயர்களைத் தமிழெழுத்தில் தந்திருக்கிறேன். கட்டளை வரியில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில், உள்ளே என்ன இருக்கிறது

லினக்ஸில் புழங்கும் வடிவம் டுவார்ஃப். அதில் நான்கு வகைச் செய்திகள் இருக்கின்றன. முதலாவது, எந்த இயந்திர முகவரி எந்தக் கோப்பின் எந்த வரியிலிருந்து வந்தது என்ற வரி அட்டவணை. இரண்டாவது, செயற்கூறுகள், மாறிகள், வகைகள் ஆகியவற்றை விவரிக்கும் மரம். மூன்றாவது, ஒரு மாறி இந்த நொடியில் ரெஜிஸ்டரில் இருக்கிறதா, ஸ்டேக்கில் இருக்கிறதா, அல்லது மறைந்தே போய்விட்டதா என்று சொல்லும் இடக்குறிப்புகள். நான்காவது, ஸ்டேக்கில் ஒரு சட்டகத்திலிருந்து (ஒரு செயற்கூறு அழைப்புக்குரிய பகுதி) அதை அழைத்த சட்டகத்துக்கு எப்படி ஏறுவது என்ற விதிகள்.

நான்காவதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 64-பிட் இன்டெல் லினக்ஸில் அந்த ஏறும் விதிகள் ‘-ஜி’ இல்லாவிட்டாலும் பைனரியில் (கம்பைல் ஆகி ஓடும் கோப்பில்) இருக்கும். சி++ எக்ஸெப்ஷன் வேலை செய்ய அவை தேவை. செயற்கூறுகளின் பெயர்கள் சிம்பல் டேபிள் என்ற பெயர்ப் பட்டியலிலிருந்து வருகின்றன. ஆகவே ஸ்டேக் டிரேஸில் (எது எதை அழைத்தது என்ற வரிசையில்) பெயர்கள் வந்து வரி எண் மட்டும் வரவில்லை என்றால், டிபக் தகவல் அங்கே இல்லை, அல்லது இருந்தும் படிக்கப்படவில்லை. வடிவம் பொருந்தாதபோது பெரும்பாலும் கண்ணில் படும் அறிகுறி இதுதான். சத்தமாக ஒரு பிழைச்செய்தி வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

படி 1: படிக்கப்போகிறவர்களின் பட்டியல்

ஒரு தாளை எடுத்து, உங்கள் பைனரியின் டிபக் தகவலைத் தொடும் எல்லாக் கருவிகளையும் எழுதுங்கள். ஜிடிபி, எல்எல்டிபி ஆகிய டிபக்கர்கள் உடனே நினைவுக்கு வரும். மற்றவை அவ்வளவு எளிதில் வருவதில்லை: நினைவகப் பிழை தேடும் வால்கிரைண்ட், வேகம் அளக்கும் பெர்ஃப், முகவரியை வரி எண்ணாக்கும் ஆட்2லைன், சானிட்டைசர்கள் (ஓடும்போதே பிழை பிடிப்பவை) வரி எண் காட்டப் பயன்படுத்தும் சிம்பலைசர், கிராஷ் அறிக்கை சேகரிக்கும் சேவை, கர்னல் பக்கம் வேலை என்றால் தரவுக் கட்டமைப்புகளைக் காட்டும் பாஹோல், போர்டு தயாரிப்பாளர் கொடுத்த, போர்டோடு நேரடியாக இணையும் ஜேடேக் டிபக்கர்.

ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று செய்திகளை எழுதுங்கள்: எந்தப் பதிப்பு, எந்த இயந்திரத்தில் ஓடுகிறது, அதை மேம்படுத்தும் அதிகாரம் யாரிடம். மூன்றாவதுதான் முடிவைத் தீர்மானிக்கும். உங்கள் மேசையில் இருக்கும் ஜிடிபியை நாளைக்கே மாற்றலாம். ஜொகூரிலோ பினாங்கிலோ ஒரு வாடிக்கையாளரின் தொழிற்சாலையில் ஓடும் கணினியில் உள்ளதை மாற்ற முடியாது. அங்கே எட்டாம் பதிப்பு ரெட் ஹேட் லினக்ஸ் இருந்தால் அதன் ஜிசிசி கம்பைலரும் 8-தான். கூட வரும் கருவிகளும் அதே காலத்தவை. ஒன்பதாம் பதிப்பில் ஜிசிசி 11 வந்துவிட்டது. இவ்விரண்டுக்கும் நடுவில்தான் கோடு விழுகிறது. ஏன் என்பது மூன்றாம் படியில் தெரியும்.

இந்தப் பட்டியலில் நீங்கள் மாற்ற முடியாத கருவிகளில் எது மிகப் பழையதோ, உங்கள் இயல்புநிலை அதற்குப் பொருந்த வேண்டும். மாற்றக்கூடியதை மாற்றிவிட்டு மேலே போகலாம்.

படி 2: எந்தக் குடும்பம்

இதில் தயங்க ஒன்றுமில்லை. பைனரி எல்ஃப் (லினக்ஸில் புழங்கும் பைனரி வடிவம்) என்றால் டுவார்ஃப். விஷுவல் சி++ உலகம் என்றால் மைக்ரோசாஃப்டின் கோட்வியூ வடிவமும் அதைத் தாங்கும் பிடிபி கோப்பும். கிளாங் கம்பைலர் விண்டோஸின் எம்எஸ்விசி (விஷுவல் சி++) இலக்குக்கு இதைத் தானாகவே தேர்ந்துகொள்கிறது. மிங்டபிள்யூ டூல்செயின் வழியாக விண்டோஸுக்குக் கட்டினால் பைனரி விண்டோஸுடையது, டிபக் தகவல் மட்டும் டுவார்ஃப். விண்டோஸ் டிபக்கரில் திறக்கப்போகிறீர்கள் என்றால் அது உதவாது, ஜிடிபிதான் வேண்டும்.

விண்டோஸ் குழுக்களுக்கு ஒரு சொல். விஷுவல் சி++ இல் ‘இசட்ஐ’ ஆப்ஷன் எல்லாக் கோப்புகளின் தகவலையும் ஒரே பிடிபியில் கொட்டுகிறது. ‘இசட்7’ ஒவ்வொரு ஆப்ஜெக்ட் கோப்புக்குள்ளும் (ஒரு மூலக் கோப்பைக் கம்பைல் செய்து வரும் இடைக்கோப்பு) வைக்கிறது. பல கோர்களில் இணையாகக் கட்டும்போதும், கம்பைல் செய்ததைச் சேமித்து மறுபடி எடுக்கும் கேஷ் கருவிகளைப் பயன்படுத்தும்போதும் ‘இசட்7’ தொல்லை தருவதில்லை. பில்டு சர்வர் வைத்திருப்பவர்கள் அதையே இயல்புநிலையாக வைக்கலாம்.

மேக்கில் டுவார்ஃப்தான். ஆனால் லிங்கர் (ஆப்ஜெக்ட் கோப்புகளை ஒரே பைனரியாக இணைக்கும் கருவி) அதைப் பைனரிக்குள் சேர்ப்பதில்லை. ஆப்ஜெக்ட் கோப்புகளிலேயே விட்டுவிட்டு, எது எங்கே இருக்கிறது என்ற வரைபடத்தை மட்டும் எழுதுகிறது. பிறகு டிசிம்யூடில் என்ற கருவி அவற்றைத் திரட்டி ஒரு டிசிம் பொதியாகக் கட்டுகிறது. ஆப்ஜெக்ட் கோப்புகளை அழித்த பிறகு இதைச் செய்ய முடியாது.

ஸ்டாப்ஸ் என்ற பழைய வடிவத்தை இன்னும் எங்காவது இயல்புநிலையாகக் கண்டால் எடுத்துவிடுங்கள். ஜிசிசி 12 அதைக் கைவிடப்போவதாக அறிவித்தது, 13 நீக்கியே விட்டது. மேக் லிங்கர் எழுதும் அந்த வரைபடத்தில் மட்டும் ஸ்டாப்ஸ் குறியீடுகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

படி 3: டுவார்ஃப் நான்கா, ஐந்தா

நிஜமான முடிவு இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

டுவார்ஃப் 4 வெளிவந்தது 2010-ல். 5 வந்தது 2017 பிப்ரவரியில். டுவார்ஃப் 5-ஐ ஜிசிசி இயல்புநிலையாக்கியது 2021-ல், தன் 11-ஆம் பதிப்பில். கிளாங் 2022-ல், 14-ஆம் பதிப்பில். தரம் எழுதப்பட்டு நான்கு வருடம் கழித்துத்தான் பெரிய கம்பைலர்களே அதை இயல்புநிலையாக்கத் தொடங்கின. அந்த இடைவெளியில் டிபக்கர்களும் அசெம்பிளர்களும் தயாராக வேண்டியிருந்தது. அவர்கள் காத்திருந்த அதே காரணம் உங்கள் குழுவுக்கும் பொருந்தும்.

ஐந்தில் என்ன லாபம்? நான்கில் ஒவ்வொரு முகவரியும் பட்டியலுக்குப் பட்டியல் முழுதாக எழுதப்படும். லிங்கர் ஒவ்வொன்றையும் தேடித் திருத்த வேண்டும். ஐந்தில் முகவரிகளைத் தனி அட்டவணையில் வைத்து, மற்ற இடங்களில் வரிசை எண்ணால் சுட்டலாம். சரங்களுக்கும் அப்படியே. முகவரி வரம்புகளும் இடக்குறிப்புகளும் ஒரு அடிப்படை முகவரியிலிருந்து எவ்வளவு தூரம் என்று சிறிதாக எழுதப்படுகின்றன. விளைவாக ஆப்ஜெக்ட் கோப்பு சிறுக்கிறது, லிங்கருக்கு வேலை குறைகிறது. கோ மொழி 1.25-ஆம் பதிப்பில் ஐந்துக்கு மாறியபோது அந்தக் குழு சொன்ன காரணமும் இதுவே: பைனரியில் இடம் குறைகிறது, பெரிய நிரல்களில் லிங்க் நேரம் குறைகிறது. அதோடு, பெயர்களை விரைவாகத் தேட ஒழுங்கான அட்டவணை, டிபக் தகவலைத் தனிக் கோப்பாகப் பிரிக்கும் முறைக்கு அதிகாரபூர்வ இடம், மூலக் கோப்பு மாறிவிட்டதா என்று கண்டுபிடிக்க எம்டி5 என்ற கைரேகை போன்ற குறி ஆகியவையும் வந்தன.

சரி, நட்டம்? பழைய வாசிப்பான் ஐந்தைப் பார்த்ததும் நின்றுவிடும். பழைய ஜிடிபி, தொகுப்பு அலகின் (ஒரு மூலக் கோப்புக்குரிய டிபக் பகுதி) தலைப்பில் தவறான பதிப்பு, இருப்பது 5, இருக்க வேண்டியது 2, 3 அல்லது 4 என்று சொல்லும். பழைய பின்யூட்டில்ஸ் (அசெம்பிளர், லிங்கர் முதலிய கருவிகளின் தொகுப்பு), தெரியாத ‘ஃபார்ம்’ மதிப்பு என்று 25 போன்ற ஒரு பதினாறடிமான எண்ணைக் காட்டும். அந்த எண் ஐந்தில் புதிதாக வந்த சரக் குறியீடு. பைனரி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஜிசிசி ஐந்தை முழுதாகப் பயன்படுத்த பின்யூட்டில்ஸ் 2.35.2 வேண்டும், வால்கிரைண்ட் என்றால் 3.17.

முடிவு எடுக்க நான் பரிந்துரைப்பது இது. முதல் படியின் பட்டியலில் உள்ள எல்லாம் 2021-க்குப் பிறகு வந்தவை என்றால், அல்லது நீங்களே புதுப்பிக்கக்கூடியவை என்றால், ஐந்தை வையுங்கள், யோசிக்காதீர்கள். மாற்ற முடியாத ஒரு கருவியாவது நான்கைத்தான் படிக்கும் என்றால் நான்கை வையுங்கள். ஐந்தின் லாபம் கட்டும் நேரத்தில் கிடைக்கிறது. படிக்க முடியாததன் வலி வாடிக்கையாளர் இயந்திரம் நின்றுபோன நேரத்தில் வருகிறது. இரண்டும் சமமல்ல. மூன்றையோ இரண்டையோ இயல்புநிலையாக வைக்க ஒரே காரணம், போர்டு டிபக்கரின் கையேடு அதைக் கேட்பது.

நான்கு என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது. ஜிசிசி, தடை இல்லாவிட்டால், பிந்தைய பதிப்புகளிலிருந்து சில நீட்டிப்புகளையும் சேர்த்து எழுதும். ஜிடிபி அவற்றைப் புரிந்துகொள்ளும் அல்லது தாண்டிப் போகும். கறாரான ஒரு ஜேடேக் டிபக்கர் தடுமாறலாம். அப்படி நடந்தால் ‘-ஜிஸ்ட்ரிக்ட்-டுவார்ஃப்’ சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று, பலருக்கு நிம்மதி தரும் செய்தி: ஒரே பைனரியில் 4-ம் 5-ம் கலந்து இருக்கலாம். ஒவ்வொரு தொகுப்பு அலகும் தன் பதிப்பைத் தானே தலைப்பில் சொல்கிறது. ஆகவே வெளியிலிருந்து வாங்கிய ஒரு நூலகம் வேறு பதிப்பில் இருந்தால் லிங்க் உடையாது. படிப்பவருக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 4: எவ்வளவு விவரம்

வெறும் ‘-ஜி’ என்றால் இரண்டாம் நிலை: வரிகள், மாறிகள், வகைகள் எல்லாம். ‘-ஜி1’ வரி எண்களும் செயற்கூறுகளும் மட்டும், ஸ்டேக் டிரேஸுக்குப் போதும். ‘-ஜி3’ மேக்ரோக்களையும் சேர்க்கும். கிளாங்கில் வரி அட்டவணை மட்டும் தரும் தனி ஆப்ஷனும் உண்டு.

வெளியீட்டுக் கட்டமைப்பில் டிபக் தகவலே வேண்டாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘-ஜி’ போட்டாலும் போடாவிட்டாலும் உருவாகும் இயந்திரக் குறிமுறை ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதை ஜிசிசி ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறது. வேகம் குறைவதில்லை. கோப்பின் அளவுதான் கவலை என்றால் அடுத்த படியில் தீர்வு இருக்கிறது. வாடிக்கையாளரிடம் விழுவது வெளியீட்டுப் பதிப்புதான். விவரம் தேவைப்படுவது அங்கேதான்.

கிளாங்கில் சி++ எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இடத்தை மிச்சம்பிடிக்க, ஒரு வகையின் முழு விவரத்தை வேறொரு கோப்பு எழுதும் என்று தெரிந்தால் கிளாங் இங்கே எழுதாது. அந்த வேறொரு கோப்பு டிபக் தகவல் இல்லாத நூலகத்துக்குள் இருந்தால், டிபக்கர் அந்த வகை முழுமையற்றது என்று கைவிரிக்கும். பிறர் கட்டிய நூலகங்களை நம்பியிருக்கும் குழுவுக்கு ‘-எஃப்ஸ்டாண்டலோன்-டிபக்’ நல்ல இயல்புநிலை.

படி 5: எங்கே வைப்பது

தகவல் பைனரிக்குள்ளேயே இருக்கட்டும் என்பது எளிய வழி. உள்ளக வேலைக்குப் போதும்.

வாடிக்கையாளருக்கு அனுப்புவதென்றால் பிரித்துவிடுங்கள். ஆப்ஜ்காப்பி மூலம் டிபக் பகுதியை மட்டும் தனிக் கோப்பாக எடுத்து, மூலப் பைனரியை ஸ்ட்ரிப் செய்து (டிபக் தகவலை நீக்கி) அனுப்பலாம். லிங்கரிடம் பில்டு-ஐடி (கட்டிய பைனரியின் தனி அடையாளம்) எழுதச் சொல்வதை இயல்புநிலையாக வையுங்கள். பைனரியும் அதன் டிபக் கோப்பும் ஒரே ஐடியைத் தாங்கும். பெயர் மாறினாலும் ஜோடி பிரியாது. எல்ஃப்யூட்டில்ஸ் தரும் டிபக்இன்ஃபோடி சர்வரை அலுவலகத்தில் ஓடவிட்டால், ஜிடிபி அந்த ஐடியைச் சொல்லித் தேவையான கோப்பைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும்.

சிங்கப்பூரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கோர் கோப்பு என்பது நிரலின் நினைவகத்தின் நகல். அதில் வாடிக்கையாளர்களின் பெயர், அடையாள எண், தொலைபேசி எண் எல்லாம் இருக்கக்கூடும். 2012-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அத்தகைய தரவை நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. கோர் கோப்பைச் சென்னைக் குழுவுக்கு அனுப்பி வைப்பது, கேட்பதற்கு எளிது, ஆனால் செய்வதற்கு முன் சட்டப் பிரிவைக் கேட்க வேண்டிய காரியம். நிரல் விழும்போது பில்டு-ஐடியையும் முகவரிகளையும் மட்டும் எழுதும்படி வைத்தால், அந்த எண்களைச் சென்னைக்கு அனுப்பலாம். அங்கிருக்கும் டிபக் கோப்பை வைத்து வரி எண்களாக மாற்றிக்கொள்வார்கள். நினைவகத்தின் நகல் எங்கும் நகர வேண்டாம். இது நடக்க வேண்டுமானால் பில்டு-ஐடியும் டிபக் கோப்பின் பதிப்பும் முதலிலேயே முடிவாகியிருக்க வேண்டும்.

டிபக் தகவலுக்குள் கட்டிய கோப்புறையின் முழுப் பாதையும் பதிவாகும்; அந்தப் பாதையில் பில்டு செய்தவரின் பயனர் பெயரும் இருக்கலாம். ‘-எஃப்ஃபைல்-பிரிஃபிக்ஸ்-மேப்’ ஆப்ஷனால் அதைப் பொதுவான ஒரு பாதையாக மாற்றுங்கள். யார் கட்டினாலும் ஒரே பைனரி கிடைக்க அதுவும் உதவும்.

லிங்க் நேரம் பெரிய தொல்லையாக இருந்தால் ‘-ஜிஸ்ப்ளிட்-டுவார்ஃப்’ இருக்கிறது. பெரும்பகுதித் தகவல் டிடபிள்யூஓ கோப்புகளில் தங்கிவிடும், லிங்கர் அதைத் தொடாது. அந்தக் கோப்புகளை இழந்தால் தகவலும் போய்விடும். ஆகவே மேம்பாட்டுக் கட்டமைப்புக்கு நல்லது, வெளியீட்டுக்கு டிடபிள்யூபி பொதியாகக் கட்டினால் மட்டும். தகவலின் அளவைச் சுருக்க ‘-ஜிஇசட்’ உண்டு. இசட்லிப் என்ற சுருக்க முறை பரவலாகப் படிக்கப்படும். இசட்ஸ்டாண்டர்ட் புதியது, முதல் படியின் பட்டியலை மறுபடி பார்த்துவிட்டுப் போடுங்கள்.

படி 6: இயல்புநிலையை எங்கே எழுதுவது

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பொதுக் கட்டமைப்புக் கோப்பில் ‘-ஜிடுவார்ஃப்-4’ என்று எழுதிவிடலாம் என்று தோன்றும். ஆனால் அந்த ஆப்ஷன் பதிப்பை மட்டும் சொல்வதில்லை, டிபக் தகவலையே இயக்கிவிடுகிறது. ‘-ஜி’ கேட்காதவர்களுக்கும் பைனரி பெருத்து வரும்.

கிளாங்கில் இதற்கென்றே ‘-எஃப்டிபக்-டிஃபால்ட்-வெர்ஷன்’ இருக்கிறது. யாராவது ‘-ஜி’ கேட்டால் இந்தப் பதிப்பு, கேட்காவிட்டால் ஒன்றுமில்லை. அதைக் கிளாங்கின் கான்ஃபிக் கோப்பில் போட்டால் வேலை முடிந்தது. கிளாங்கையே மாற்றிக் கட்டுகிறவர்கள், இலக்குக்குரிய டூல்செயின் வகுப்பில் இயல்புநிலைப் பதிப்பைத் திருப்பித்தரும் செயற்கூறை மேலெழுதலாம். ஒவ்வொரு இயங்குதளமும் தன் பதிப்பை அங்கேதான் சொல்கிறது.

ஜிசிசியில் அப்படி ஓர் ஆப்ஷன் இல்லை. நீங்களே ஜிசிசியைக் கட்டுவதாக இருந்தால், இலக்கின் தலைப்புக் கோப்பில் டுவார்ஃப் பதிப்புக்கான மேக்ரோவை வரையறுப்பதே சுத்தமான வழி. ஏற்கெனவே சில இலக்குகள் அப்படித்தான் விலகி நிற்கின்றன: ஜிசிசி கையேட்டின்படி விஎக்ஸ்வொர்க்ஸ் இயங்குதளத்துக்கு 2, ஏஐஎக்ஸ் இயங்குதளத்துக்கு 4. அப்புறம் கம்பைலரோடு கட்டப்படும் லிப்ஜிசிசி, லிப்எஸ்டிடிசி++ ஆகிய நூலகங்களும் அதே பதிப்பில் வந்துவிடும். பிறர் கட்டிக் கொடுத்த ஜிசிசியைத்தான் பயன்படுத்துகிறீர்கள் என்றால், ‘-ஜி’ வந்தால் மட்டும் பதிப்பைச் சேர்க்கும்படி ஸ்பெக்ஸ் விதி (ஆப்ஷன்களை ஜிசிசி கையாளும் விதி) எழுதலாம், அல்லது சிமேக் என்ற பில்டு கருவியின் டூல்செயின் கோப்பில் டிபக் கட்டமைப்புக்கு மட்டும் வைக்கலாம்.

எதைச் செய்தாலும் ஓரிடத்தில் செய்யுங்கள். மேக்ஃபைலில் ஒன்று, சிமேக்கில் ஒன்று, நிரலைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் சிஐ சர்வரின் சூழல் மாறியில் ஒன்று என்று இருந்தால் எது வென்றது என்று கண்டுபிடிக்கவே அரை நாள் போய்விடும். லினக்ஸ் கர்னல் கட்டுகிறவர்களும் கவனிக்கவும்: அங்கே 4, 5, டூல்செயினின் இயல்புநிலை என்று மூன்று தேர்வுகள் உண்டு. மூன்றாவதைத் தொட்டால் உங்கள் முடிவு கர்னலையும் சேர்ந்தே ஆளும். ரஸ்ட், கோ ஆகியவற்றின் இயல்புநிலை தனி. உங்கள் சி கம்பைலரின் முடிவு அவற்றைக் கட்டுப்படுத்தாது.

படி 7: சரிபார்த்தல்

ரீட்எல்ஃப் கருவியால் டிபக்-இன்ஃபோ பகுதியைக் கொட்டி, ஒவ்வொரு தொகுப்பு அலகின் ‘வெர்ஷன்’ வரியையும் திரட்டிப் பாருங்கள். எதிர்பார்க்காத பதிப்பு ஒன்றிரண்டு கண்ணில் படலாம். பெரும்பாலும் அவை கையால் எழுதிய அசெம்பிளிக் கோப்புகளிலிருந்தோ முன்பே கட்டி வந்த தொடக்கக் கோப்புகளிலிருந்தோ வந்தவை. அசெம்பிளருக்குத் தனிப் பதிப்பு ஆப்ஷன் உண்டு என்பதை மறக்க வேண்டாம். எல்எல்விஎம்-டுவார்ஃப்டம்ப் தரும் ‘வெரிஃபை’ கட்டமைப்புத் தவறுகளைச் சொல்லும்.

பதிப்பு எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது, டிபக்கருக்கு அது பயன்பட வேண்டும். ஒரு சிறு நிரலை ‘-ஓ2’ உடன் கட்டுங்கள். அதில் இன்லைன் ஆகும் (அழைத்த இடத்திலேயே விரித்து எழுதப்படும்) செயற்கூறு ஒன்று, டெம்ப்ளேட் வகை ஒன்று, பகிர்நூலகத்துக்குள் போகும் அழைப்பு ஒன்று, வேண்டுமென்றே விழும் இடம் ஒன்று இருக்கட்டும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு கருவியிலும் திறந்து, வரி எண் வருகிறதா, இன்லைன் செயற்கூறின் பெயர் டிரேஸில் தெரிகிறதா, வெக்டரின் உறுப்புகளை அச்சிட முடிகிறதா என்று பாருங்கள். இதை உங்கள் மடிக்கணினியில் மட்டும் செய்தால் பயனில்லை. பட்டியலின் மிகப் பழைய கருவி ஓடும் அதே வகை இயந்திரத்தில் செய்ய வேண்டும். ஒரு கன்டெய்னரில் அந்தப் பழைய அமைப்பை வைத்துக்கொண்டு சிஐ-யிலேயே ஓட்டலாம். ஜேடேக் டிபக்கருக்கு மட்டும் யாராவது போர்டின் முன் உட்கார்ந்தாக வேண்டும்.

படி 8: மாற்றும்போது

இயல்புநிலையை மாற்றுவதாக இருந்தால் கம்பைலர் மேம்பாட்டோடு சேர்த்துச் செய்யாதீர்கள். முதலில் புதிய கம்பைலர், பழைய டிபக் பதிப்பு. அது நிலைத்த பிறகு பதிப்பு மாற்றம். இரண்டும் ஒரே நாளில் நடந்தால், எது எதை உடைத்தது என்று பிரிக்க முடியாது. உபுண்டு 20.04-லிருந்து 22.04-க்குத் தாவிய குழுக்களுக்கு இரண்டும் சேர்ந்தே வந்தன, ஏனென்றால் பிந்தையதில் ஜிசிசி 11.

அறிவிப்பில் நான்கு வரி போதும்: எந்தத் தேதியிலிருந்து, எந்தப் பதிப்பிலிருந்து எதற்கு, எந்தக் கருவிக்குக் குறைந்தபட்சம் என்ன பதிப்பு வேண்டும், பழையதைத் திரும்பப் பெற என்ன ஆப்ஷன். கடைசி வரியைக் கட்டாயம் எழுதுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறார்கள். அவர்கள் மாலையில் சிக்கலில் மாட்டும்போது இங்கே யாரும் அலுவலகத்தில் இருக்க மாட்டார்கள். ‘-ஜிடுவார்ஃப்-4’ என்ற ஒரு சொல் அறிவிப்பிலேயே இருந்தால் அவர்கள் காலை வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பழைய வெளியீடுகளின் டிபக் கோப்புகளை, அந்த வெளியீடு எங்காவது ஓடிக்கொண்டிருக்கும் வரை, கட்டிய வடிவிலேயே வைத்திருங்கள். அவற்றைப் புதிய பதிப்புக்கு மாற்றி எழுத முயல வேண்டாம். முதல் படியின் பட்டியலை டூல்செயின் களஞ்சியத்துக்குள்ளேயே ஓர் உரைக் கோப்பாகச் சேர்த்துவிடுங்கள். மாற்ற முடியாத அந்தக் கடைசிக் கருவி ஓய்வுபெற்ற நாளில், யார் பொறுப்பில் இருந்தாலும், நான்கிலிருந்து ஐந்துக்குப் போகலாம் என்று அந்தக் கோப்பைப் பார்த்தே முடிவு செய்யலாம்.